பழைய பெட்ரோல் கார்: முதலில் மீட்டர், அப்புறம் ஸ்பேனர்

கார் ரிப்பேர் பில்லில் கூலிதான் கண்ணை உறுத்தும். ஆனால் அதிகப் பணம் வீணாவது கெட்டுப்போகாத பாகத்தை மாற்றுவதில். செல்ஃப் (என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) எடுக்கவில்லை என்றால் முதலில் பேட்டரி மாற்றுவார்கள். ரெண்டு வாரம் கழித்து அதே கதை, இந்தத் தடவை டைனமோ (ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர்). கடைசியில் பேட்டரி முனையில் பூத்துக் கிடந்த உப்புதான் காரணமாக இருந்திருக்கும். வீட்டில் நாமே வேலை பார்த்தாலும் இது நடக்கும். சொல்லப்போனால் கூடுதலாகவே நடக்கும், போனிலேயே பார்ட் ஆர்டர் போட்டுவிடலாமே! அதனால் கீழே எந்த அறிகுறியை எடுத்தாலும் முதலில் காசு செலவில்லாத சோதனை. கழற்றுவதும் வாங்குவதும் அதற்கு அப்புறம்தான்.

இதெல்லாம் ஆல்டோ, வேகன்ஆர், சான்ட்ரோ, ஐ10 மாதிரி எட்டுப் பத்து வருஷம் ஓடிய சின்ன பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியது. பானட்டைத் திறந்தால் கை நுழைய இடம் இருக்கும், பார்ட் எந்த ஊரிலும் கிடைக்கும். காமன் ரயில் முறையில் ஓடும் டீசல் கார் என்ஜினில் எரிபொருள் பைப்பின் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். அந்தப் பைப்பை வீட்டில் அவிழ்க்கவே கூடாது. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளின் ஆரஞ்சு நிற ஒயரும் அப்படித்தான். வாரண்டியில் இருக்கும் வண்டியை ஷோரூமே பார்க்கட்டும்.

கையில் இருக்க வேண்டியவை

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 ஆம்பியர் வரை அளப்பது. 8 முதல் 19 வரை ஸ்பேனர், சாக்கெட் செட் (ஜப்பான், கொரியா வண்டிகளில் 10, 12, 14 மூன்றும்தான் நாள் முழுக்க கையில் இருக்கும்). ஸ்பார்க் பிளக் கழற்றும் நீள சாக்கெட், தலையில் மாட்டும் டார்ச், ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டர் கண்டுபிடித்த கோளாறைப் படிக்கும் சாக்கெட்) செருகும் புளூடூத் அடாப்டர். இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து புது கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயம் என்பதால், அதற்குப் பிறகு வந்த வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே அந்த 16 முள் சாக்கெட் இருக்கும்.

வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும். அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். அடியில் வேலை என்றால் ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்ட் வாங்குங்கள். ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கி நிறுத்துவது ஆபத்து, அவை முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடாதீர்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பேட்டரி வேலைக்கு முன்னால் மோதிரம், வாட்ச், வளையலைக் கழற்றிவிடுங்கள்.

சாவியைத் திருப்பினால் "டக்" என்ற சத்தம் மட்டும், அல்லது ஒன்றுமே இல்லை

வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, ஹெட்லைட்டைப் போடுங்கள். எதிரே உள்ள சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். இந்த ஒரு சோதனையே வழியை மூன்றாகப் பிரித்துவிடும்.

வெளிச்சம் அப்படியே மங்கி, "டக டக டக" என்று வேகமாகச் சத்தம் வந்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, இல்லாவிட்டால் முனையில் கரண்ட் சரியாகப் பாயவில்லை. வெளிச்சம் குறையாமல் ஒரே ஒரு "டக்" கேட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் சந்தேகம். வெளிச்சமும் குறையவில்லை, சத்தமும் இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தாலேயே இயங்கும் சுவிட்ச்), இக்னிஷன் சுவிட்ச். சில வண்டிகளில் கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு சுவிட்ச் இருக்கும், கிளட்சை முழுதாக மிதித்தால்தான் செல்ஃபுக்குக் கரண்ட் போகும்.

முதல் வகைதான் அதிகம். மீட்டரை எடுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி காலி, 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட முழுக் காலி. இதை மட்டும் வைத்துப் பேட்டரியைத் தீர்மானிக்கக் கூடாது. இன்னொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, அந்த நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். சார்ஜ் ஏறிய பேட்டரி அப்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அதன் ஆயுள் முடிந்தது. நம் ஊர் வெயிலில் மூன்று, நான்கு வருஷம் தாக்குப்பிடித்தாலே போதும் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

என்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை இருந்தால் டைனமோ சரி. ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாம் போட்ட பிறகு 13-க்குக் கீழே இறங்கினால் டைனமோவோ பெல்ட்டோ சரியில்லை. 15-ஐத் தாண்டினால் டைனமோவின் வோல்டேஜ் ரெகுலேட்டர் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் புதுப் பேட்டரியையும் கொதிக்க வைத்துவிடும்.

பேட்டரியும் சரி, டைனமோவும் சரி, ஆனாலும் செல்ஃப் இழுக்கவில்லை. மெக்கானிக் ஷெட்டில் பெரும்பாலும் அவசரப்படும் இடம் இதுதான். மீட்டரின் சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ் ஈயக் குமிழில் நேராக வையுங்கள், கிளாம்ப்பில் வைக்காதீர்கள். கறுப்பு முனையை அந்தக் கிளாம்ப்பின் மேல் வையுங்கள். செல்ஃப் அடிக்கும்போது மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2-க்கு மேல் காட்டினால் குமிழுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில் அழுக்கு உட்கார்ந்து கரண்டைத் தின்கிறது. அடுத்து மைனஸ் குமிழிலிருந்து என்ஜின் இரும்புக்கு அளந்து பாருங்கள். 0.5-க்கு மேல் என்றால் பாடி எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கிறது. கடலோர ஊர்களில் இந்த எர்த் ஒயர்தான் பெரிய திருடன். ஒயரின் ரெண்டு முனையையும் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினாலே போதும், ஒரு ரூபாய் செலவில்லை.

முனையைச் சுத்தம் செய்ய மைனஸை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். வெந்நீரில் சமையல் சோடா கலந்து ஊற்றினால் அந்த வெள்ளை, பச்சைப் பொடி நுரைத்துக் கரையும். காய்ந்ததும் இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

பக்கத்து வண்டியிலிருந்து கேபிள் போடுவதாக இருந்தால் வரிசை முக்கியம்: சிவப்பு முதலில் நம் பேட்டரி பிளஸ்ஸில், அப்புறம் அவர்கள் பிளஸ்ஸில், கறுப்பு அவர்கள் மைனஸில், கடைசி முனை நம் என்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுவுக்குப் பக்கத்தில் அது வேண்டாம். தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும். பேட்டரி சுத்தமாகக் காலி என்றால் ஃபியூயல் பம்ப்புக்கே கரண்ட் இருக்காது, எவ்வளவு தள்ளினாலும் வேர்வைதான் மிச்சம்.

ராத்திரி நிறுத்தினால் காலையில் பேட்டரி காலி

பேட்டரியும் டைனமோவும் மேலே சொன்ன சோதனையில் பாஸ் என்றால், நிற்கும்போது எதுவோ கரண்டை இழுக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, கதவை மூடி, மைனஸ் ஒயரைக் கழற்றி, 10 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டிய மீட்டரை குமிழுக்கும் ஒயருக்கும் நடுவில் இணையுங்கள். இந்த நிலையில் செல்ஃப் அடிக்கவே கூடாது, மீட்டர் எரிந்துவிடும். அரை மணி நேரம் விடுங்கள், கம்ப்யூட்டர்கள் தூங்கப் போக நேரம் எடுக்கும். அதன் பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சகஜம். 200, 300 என்று நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ அந்த லைனில்தான் திருட்டு. பெரும்பாலும் வெளியில் போட்ட மியூசிக் சிஸ்டம், டேஷ் கேமரா, அணையாத டிக்கி லைட்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை

முதலில் டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னுகிறதா பாருங்கள். மின்னினால் இம்மொபைலைசர் (திருட்டைத் தடுக்கும் எலக்ட்ரானிக் பூட்டு) சாவியை அடையாளம் காணவில்லை. ஸ்பேர் சாவியைப் போட்டுப் பாருங்கள்.

அது இல்லையென்றால் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பிக் காது கொடுங்கள். பின் சீட்டுப் பக்கத்திலிருந்து ரெண்டு மூன்று வினாடி "ஊங்" என்று பம்ப் ஓடும் சத்தம் வர வேண்டும். வரவில்லையா? ஃபியூஸ், அப்புறம் ரிலே. ஃபியூயல் பம்ப் ரிலேயும் ஹார்ன் ரிலேயும் ஒரே மாதிரி இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை. ரிலேயும் சரி என்றால் பம்ப்பின் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று அளந்த பிறகுதான் பம்ப்பைக் குறை சொல்ல வேண்டும்.

பம்ப் ஓடுகிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது என்றால் பிளக் நனைந்திருக்கும். ஆக்சிலரேட்டரை அடி வரை மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். நிறைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் தெளிப்பது நின்று காற்று மட்டும் போய், சிலிண்டர் காயும். தொடர்ந்து பத்து வினாடிக்கு மேல் அடிக்காதீர்கள், செல்ஃப் சூடாகும்.

என்ஜின் மிஸ்ஸிங், ஐட்லிங்கில் நடுக்கம், செக் என்ஜின் விளக்கு

விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக வீடு போகலாம். மின்னிக்கொண்டே இருந்தால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, புகையைச் சுத்தம் செய்யும் விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வர்ட்டரை எரித்துவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுங்கள்.

அடாப்டரைச் செருகி, கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீட்டை, அதாவது 'கோடு' (code) என்பதைப் படியுங்கள். அழிப்பதற்கு முன்னால் எழுதி வையுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் (பெட்ரோல் சரியாக எரியவில்லை), பி0302 என்றால் இரண்டாவது. ஒவ்வொரு பிளக்குக்கும் தனி இக்னிஷன் காயில் (பொறிக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம்) இருக்கும் என்ஜினில், முதல் காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றி, கோடை அழித்து, கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். கோடு பி0302-க்குத் தாவினால் காயில்தான் குற்றவாளி. தாவாமல் பி0301-லேயே நின்றால் அடுத்து பிளக்கை இப்படியே மாற்றுங்கள். அதுவும் இல்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன். அது ஷெட் வேலை.

ஸ்கேனர் பார்ட்டின் பெயரைச் சொல்வதில்லை, எங்கே கணக்கு இடிக்கிறது என்று மட்டும் சொல்கிறது. இதைப் புரிந்துகொண்டாலே பெரிய பணம் மிச்சம். பி0171 வந்தால் பெட்ரோலை விடக் காற்று அதிகம் என்று அர்த்தம். உடனே ஆக்சிஜன் சென்சாரை மாற்றுகிறவர்கள் நிறைய பேர். வெடித்த வேக்கம் ஹோஸ், ஏர் ஃபில்டருக்குப் பின்னால் கழன்ற பைப், அழுக்கான காற்று சென்சார் எதுவாகவும் இருக்கலாம். சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கும், பாவம்.

பிளக்கை என்ஜின் ஆறிய பிறகு கழற்றிப் பாருங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது. கரி மாதிரி காய்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. எண்ணெய்ப் பசையோடு கறுப்பு என்றால் ரிங்கோ வால்வ் சீலோ ஆயில் விடுகிறது. சைலன்சரில் நீலப் புகையும் வரும். வெளுத்துக் கொப்புளம் விட்டிருந்தால் என்ஜின் அதிகம் சூடாகிறது. புது பிளக்கைக் கையாலேயே கடைசி வரை திருகி, பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும். அலுமினிய ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல் மூடி) மரை கோணிவிட்டால் மிச்சம் பிடித்த கூலியெல்லாம் லேத்துக்குப் போய்விடும்.

ஐட்லிங் மட்டும் ஏறி இறங்குகிறது, கோடு எதுவும் இல்லை என்றால் என்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் கறுப்புப் படிவு இருக்கும். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடையுங்கள். எலக்ட்ரானிக் த்ராட்டில் தகட்டை விரலால் தள்ளாதீர்கள், உள்ளே இருக்கும் பற்சக்கரம் பிளாஸ்டிக்.

திடீரென்று சம்பந்தமில்லாத கோளாறுகள்: எலி

நேற்று வரை நன்றாக இருந்த வண்டியில் ஒரே காலையில் செக் என்ஜின் விளக்கு, ஏசி வேலை செய்யவில்லை, கண்ணாடிக்குத் தண்ணீர் வரவில்லை என்று மூன்று புகார் சேர்ந்து வந்தால் எலியைத் தேடுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தால் கூடு இருக்கும், தேங்காய் நாரும் சிப்ஸ் பாக்கெட்டுமாக. இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர், ஆக்சிஜன் சென்சார் ஒயர், வைப்பர் தண்ணீர்ப் பைப் இவைதான் அவர்களுக்குப் பிடித்தவை.

முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவது ஒரு மழைக்காலம்கூட நிற்காது. சோல்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கும் ட்யூப் போட்டு மூடுங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான். பெரியது போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும். நாப்தலீன் உருண்டை, புகையிலை, ஸ்ப்ரே என்று ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். வாசனை போனதும் எலி திரும்பி வருகிறது. நிறுத்தும் இடத்தில் குப்பைத்தொட்டி, நாய்ச் சோறு, அரிசி மூட்டை இல்லாமல் பார்த்துக்கொள்வதும், வண்டியை நாட்கணக்கில் அசையாமல் விடாததும்தான் ஓரளவு பலன் தரும்.

டெம்பரேச்சர் முள் நடுவைத் தாண்டி ஏறுகிறது

ஓட்டும்போதே பார்த்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரை வேகமாக ஓட விடுங்கள். உள்ளே வெந்துவிடும்தான், ஆனால் என்ஜின் சூடு கொஞ்சம் இறங்கும். ஓரம் கட்டியும் முள் ஏறினால் உடனே என்ஜினை நிறுத்துங்கள். முள் இல்லாத வண்டியில் சிவப்பு விளக்கு வந்தால் யோசிக்கவே வேண்டாம். "வீடு பக்கம்தான், ரெண்டு கிலோமீட்டர்" என்று ஓட்டிய வண்டிகள்தான் ஹெட் வளைந்து லேத்துக்குப் போகின்றன.

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) அழுத்தத்தில் நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருப்பிய நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும், முக்கால் மணி நேரமாவது ஆகும்.

ஆறியதும், எப்போது சூடானது என்று நினைத்துப் பாருங்கள். சிக்னலில், டிராஃபிக்கில் சூடாகி, நெடுஞ்சாலையில் சரியாக இருந்தால் ஃபேன். ஏசியைப் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் ஃபேன் உடனே சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, கனெக்டர். அதன் பிறகு ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக ரெண்டு ஒயர் கொடுத்துப் பாருங்கள். நேராகக் கொடுத்தால் சுற்றுகிறது என்றால் மோட்டார் நல்லது, கோளாறு அதற்கு முன்னால். இந்த வேலையில் விரலைத் தள்ளியே வையுங்கள், என்ஜின் நின்ற பிறகும் ஃபேன் தானாக ஓடும்.

நெடுஞ்சாலையில்தான் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, கூலண்ட் குறைவு, வாட்டர் பம்ப். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே சூடாகி, மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறக்கும் வால்வ்) மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. கூலண்ட் குறைகிறது, கீழே ஒழுகவும் இல்லை என்றால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். பால் டீ நிறத்தில் குழம்பியிருந்தாலும், சைலன்சரில் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டாலும் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். வீட்டு வேலை அங்கே முடிந்தது.

நம் ஊர் ஷெட்களில் ஒரு பழக்கம் உண்டு: "இந்த வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு சார்" என்று கழற்றிப் போட்டுவிடுவார்கள். செய்ய விடாதீர்கள். என்ஜின் சரியான சூட்டுக்கே வராது, கம்ப்யூட்டர் என்ஜின் குளிர்ந்திருப்பதாக நினைத்துப் பெட்ரோலை அதிகம் விடும், மைலேஜ் போகும். அதே மாதிரிதான் கூலண்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுவதும். அதன் உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் கல்லாகப் படியும். செறிவான கூலண்ட் என்றால் டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

பக்கத்திலேயே ஒரு குறிப்பு: சிவப்பு ஆயில் விளக்கு ஓடும்போது எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். டிப்ஸ்டிக்கைப் பார்க்காமல் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஏசி காற்று வருகிறது, குளிர்ச்சி இல்லை

காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டர். பெரும்பாலும் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும், கழற்றப் பத்து நிமிஷம். காற்று நன்றாக வந்து குளிர்ச்சி மட்டும் இல்லை என்றால் முன்னால் கண்டன்ஸரை (ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும், ரேடியேட்டர் மாதிரியான பாகம்) பாருங்கள். பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் தோட்டத்து ஹோஸால் மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் அதன் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். பிறகு ஏசியைப் போட்டு கம்ப்ரஸர் முன்பக்கம் "டக்" என்று கிளட்ச் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டாவிட்டால் ஃபியூஸ், ரிலே வரை நம் வேலை. கேஸ் குறைந்தாலும் கிளட்ச் ஒட்டாது.

கேஸ் வேலையை வீட்டில் செய்யாதீர்கள். கடையில் ஒன்று கேளுங்கள்: "லீக் எங்கே?" ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் இல்லை. வருஷா வருஷம் கேஸ் அடிக்க வேண்டியிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. லீக் பார்த்து, வேக்கம் போட்டு, எடை பார்த்துக் கேஸ் ஏற்றுகிற கடைக்குப் போங்கள்.

முன் சீட்டுக்குக் கீழே மேட் நனைந்திருந்தால் பயப்பட வேண்டாம். நிறமில்லாத வெறும் தண்ணீர் என்றால் ஏசி டிரெயின் பைப் அடைத்திருக்கிறது, மெல்லிய பைப்பை மெதுவாக விட்டு ஆட்டினால் வழி திறக்கும். பிசுபிசுப்பும் இனிப்பு வாடையும் இருந்தால் அது கூலண்ட், ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

பிரேக்

இதில் பார்ப்பது வரை தாராளமாக வீட்டில் செய்யலாம். மழை இரவுக்குப் பிறகு காலையில் முதல் சில பிரேக்கில் வரும் கரகரப்பு டிஸ்க்கின் மேல் படிந்த துரு, தானாகப் போகும். எப்போதும் கிரீச்சிட்டால் பேட் தேய்ந்திருக்கலாம். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து லைனிங் 3 மில்லிமீட்டருக்கு வந்திருந்தால் மாற்றுங்கள். இரும்பு இரும்போடு உரசும் சத்தம் வந்தால் வண்டியை எடுக்காதீர்கள்.

முன் பேட் மாற்றுவது கஷ்டமில்லை, ஆனால் முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் கூட இருக்கட்டும். காலிப்பரை (பேட்டை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) ரப்பர் ஹோஸில் தொங்க விடாமல் கம்பியால் கட்டுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே ஃப்ளூயிட் டப்பா நிரம்பி வழியலாம். வழிந்தால் உடனே தண்ணீர் விடுங்கள், பெயின்டை அரித்துவிடும். சக்கர நட்டை எதிரெதிராக இறுக்குங்கள். வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள். இதை மறந்தால் முதல் பிரேக்கில் பெடல் தரையைத் தொடும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலும், மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்லக் கீழே இறங்கினாலும், ஃப்ளூயிட் குறைந்துகொண்டே வந்தாலும் ஷெட்டுக்குத் தூக்கிப் போங்கள், ஓட்டிக்கொண்டு போக வேண்டாம்.

சத்தங்கள், அதிர்வுகள்

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது "கட கட" என்றால் ஆக்சிலின் வெளி ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருக்கும். கிழிந்த புதிதிலேயே பார்த்தால் பூட்டும் கிரீஸும் மாற்றினால் போதும். ஸ்பீடு பிரேக்கரில் "டொக்" என்றால் சஸ்பென்ஷனின் லிங்க் ராட், ஆர்ம் புஷ். வேகத்தோடு கூடும் "ஊ" சத்தம் பேரிங். வலது பக்கம் லேசாகத் திருப்பும்போது கூடினால் இடது சக்கரம், இடது பக்கம் திருப்பும்போது கூடினால் வலது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸிங், பிரேக் பிடித்தால் மட்டும் நடுங்கினால் டிஸ்க். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கிரீச் என்றால் டைனமோ பெல்ட்.

பார்ட் வாங்குவது

சென்னையில் புது பார்ட்டுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை என்று எல்லாருக்கும் தெரியும். கதவுக் கண்ணாடி, பம்பர், கண்ணாடி மோட்டார், செல்ஃப் மோட்டார் பழையது வாங்கலாம். பிரேக் சம்பந்தப்பட்ட எதையும், எந்த ரப்பரையும், பழைய பேட்டரியையும் வாங்காதீர்கள். பழைய பார்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்; ஒரே மாடலில் வருஷத்துக்கு வருஷம் கனெக்டர் மாறியிருக்கும்.

ஷெட்டுக்குப் போக நேர்ந்தால் "பேட்டரி மாத்துங்க" என்று சொல்லாமல், "ராத்திரி நின்ன பிறகு 12.5, செல்ஃப் அடிச்சா 10.8, என்ஜின் ஓடும்போது 14.2" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் அதைக் கேட்டதும் பேட்டரியை விட்டுவிட்டு நேராக செல்ஃப் பக்கம் போவார்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ என்ஜின்கள் தண்ணீர் வடிந்த மறுநாள்தான் போயின. தண்ணீரில் நின்றதால் போகவில்லை, "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பியதால் போயின. சிலிண்டருக்குள் இருக்கும் காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் ஏறியிருந்தால் சாவியைத் தொடாமல் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும்படி எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு இன்ஷூரன்ஸுக்குச் சொல்லுங்கள். ஏர் ஃபில்டர் காய்ந்திருக்கிறதா, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடியோ வெளுத்தோ இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ரெண்டில் ஒன்று சரியில்லாவிட்டாலும் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயில் மாற்றிய பிறகுதான் என்ஜினைச் சுற்ற வேண்டும். அதை மெக்கானிக் செய்யட்டும். வெள்ளத் தண்ணீர் போன என்ஜினை ஸ்டார்ட் செய்து வந்த சேதத்தைச் சாதாரண பாலிசி பெரும்பாலும் ஏற்பதில்லை, அதற்கு என்ஜின் புரொடெக்ஷன் என்று தனி ஆட்-ஆன் உண்டு. தாழ்வான தெருவில் வீடு என்றால், பாலிசி புதுப்பிக்கும்போது அது இருக்கிறதா என்று மழைக்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.